இரண்டாவது பிள்ளையின் முதல் வருஷம் எந்த வீட்டில்?

எனக்கு இது ஏழாம் மாதம். மூத்தவனுக்கு ஆறு வயது. அவன் ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது ஒரு ராத்திரி, நெஞ்சில் பூனைக்குட்டி கத்துவது போலச் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குகிறேன். அதற்கு முன்பே கன்னத்திலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான் என்ற அரிக்கும் தோல் தடிப்பு இருந்தது. ஒரு வயதுக்கு மேல் முட்டை கொடுத்தபோது வாயைச் சுற்றித் தடித்தது. நான்கு வயதில் டாக்டர் சீட்டில் ஆஸ்துமா என்று எழுதினார். இப்போது விடிந்து எழுந்ததும் பத்துத் தும்மல். கரப்பான், உணவு ஒவ்வாமை, இழுப்பு, தும்மல் என்று ஒன்றன் பின் ஒன்றாக வருவது ஒவ்வாமை மருத்துவத்தில் நன்கு தெரிந்த வரிசையாம். எல்லாக் குழந்தைக்கும் முழு வரிசையும் வருவதில்லை. என் பிள்ளைக்கு வந்தது.

என் கணவருக்கும் சிறு வயதிலிருந்தே மூக்கடைப்பும் தும்மலும் உண்டு. ஆகவே அடுத்த பிள்ளைக்கும் வரக்கூடிய வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பரம்பரையை மாற்ற முடியாது. ஆனால் பிறப்பதற்கு முந்தைய சில மாதங்களும் பிறந்த பிறகு வரும் முதல் வருஷமும் எப்படிப் போகின்றன என்பதில் நம் கை கொஞ்சம் இருக்கிறது. எங்கள் வீட்டில் நடக்கும் பேச்சு அதைப் பற்றித்தான். பிரசவம் காரைக்குடியில் என்பது முடிவாகிவிட்டது. அப்புறம் பிள்ளை எங்கே?

அப்பத்தாவுக்கு ஒரே பதில். "பெரிய வீட்டைத் தெறந்து விடுங்கத்தா. வளவுல காத்து இருக்கு, வெயில் இருக்கு. நாங்கல்லாம் அங்கதான பெத்து வளத்தோம், எந்தப் புள்ளைக்கு இழுப்பு வந்துச்சு?" பெரிய வீடு என்பது கிராமத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீடு, வளவு அதன் நடு முற்றம். அம்மாவோ, காரைக்குடி செக்காலையில் இருக்கும் எங்கள் வீட்டிலேயே ஒரு வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். கணவர் சென்னை வேளச்சேரியில் இருக்கிறார். மூன்றாம் மாதம் அங்கே கூட்டிக்கொண்டு போய், ஆறாம் மாதம் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு நான் வேலைக்குத் திரும்புவது என்பது அவர் போட்ட கணக்கு. மூத்தவன் அப்படித்தான் வளர்ந்தான்.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் கடந்த சில மாதங்களாக இதைப் படித்தும் டாக்டரிடம் கேட்டும் ஒப்பிட்டுப் பார்த்து வருகிறேன். எங்களைப் போலவே ஊருக்கும் சென்னைக்கும் நடுவில் நிற்கும் குடும்பங்கள் செட்டிநாட்டில் தெருவுக்கு நான்கு இருக்கும். அவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆய்வில் வரும் பண்ணையும் எங்கள் பெரிய வீடும்

அப்பத்தா சொல்வதை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் உலக ஆய்வுகள் பாதி அவர் பக்கம் நிற்கின்றன. 1989-இல் டேவிட் ஸ்ட்ராகன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், 1958 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்த 17,000-க்கும் மேற்பட்ட பிரிட்டன் குழந்தைகளின் தகவல்களைப் பார்த்தார். வீட்டில் அண்ணன் அக்கா எத்தனை பேரோ, அந்த அளவுக்கு மகரந்தத் தும்மல் குறைந்திருந்தது. சிறு வயதில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நுண்ணுயிரிகள் உடலைப் பழக்குகின்றனவோ என்று அவர் கேட்டார். கேள்வி அங்கே தொடங்கியது.

அப்புறம் ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து கிராமங்களில் 812 குழந்தைகளைப் பார்த்த ஆய்வு 2001-இல் வந்தது. ஒரு வயதுக்குள்ளேயே மாட்டுத் தொழுவத்துக்கும் பண்ணைப் பாலுக்கும் பழகிய குழந்தைகளில் ஆஸ்துமா 1 சதவீதம். அதே பழக்கம் ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் வந்தவர்களில் 11 சதவீதம். அதே தொழுவம், அதே பால். வந்த வயதுதான் வேறு. முதல் வருஷத்தின் மேல் என் கண் நின்றது இதைப் படித்த பிறகுதான்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது 2016-இல் வந்த அமெரிக்க ஆய்வு. ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு சமூகங்கள். இரண்டுமே ஐரோப்பாவிலிருந்து போனவை, இரண்டுமே விவசாயம் செய்பவை, சாப்பாடும் பிள்ளை வளர்ப்பும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஆமிஷ் குழந்தைகளில் ஆஸ்துமா சுமார் 5 சதவீதம், ஹட்டரைட் குழந்தைகளில் 21 சதவீதம். வித்தியாசம் என்னவென்றால் ஆமிஷ் குடும்பங்கள் குதிரை பூட்டி உழுகிறார்கள், மாட்டுக் கொட்டில் வீட்டை ஒட்டி இருக்கிறது, பிள்ளைகள் அதற்குள்ளே ஓடி விளையாடுகிறார்கள். ஹட்டரைட் பண்ணை முழுக்க இயந்திரம், வீட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. ஆமிஷ் வீட்டுத் தூசியில் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியாப் பொருள் ஏறக்குறைய ஏழு மடங்கு இருந்தது. அந்தத் தூசியை எலிகளின் மூக்கில் விட்டுப் பார்த்தபோது அவற்றுக்கு ஒவ்வாமை இழுப்பு குறைந்தது. ஹட்டரைட் வீட்டுத் தூசிக்கு அந்தக் குணம் இல்லை.

அப்பத்தாவின் கதையை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். அவர் கல்யாணமாகி வந்தபோது பெரிய வீட்டில் ஏழு புள்ளி, அதாவது கல்யாணமான ஏழு குடும்பம். இரண்டாங்கட்டுக்குப் பின்னால் புள்ளிக்கு ஓர் அடுப்பு. வளவில் எந்நேரமும் இருபது இருபத்தைந்து பிள்ளைகள். பின்கட்டுக்கு வெளியே கொட்டிலில் ஆறு மாடு, கன்றுகள் தனி. பெரிய பிள்ளையின் சளி சின்னப் பிள்ளைக்கு, சாணி மிதித்த கால் வளவுக்கு. ஸ்ட்ராகன் எண்ணிய அண்ணன் அக்காமாரும் ஆமிஷ் கொட்டிலும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன.

ஆனால் இன்று அந்த வீட்டில் என்ன இருக்கிறது? பங்காளிகள் ஊர் ஊராகப் போய்விட்டார்கள். வருஷத்தில் பத்து மாதம் பூட்டு. கொட்டில் இடிந்து விறகு போடும் இடமாகிவிட்டது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் திறந்தால் உத்தரத்தில் வௌவால், முற்றத்து ஓரத்தில் புறா எச்சம், பெட்டிக்குள் இருபது வருஷத்து மெத்தை. மூத்தவனுக்கு முதல்முதலாக மூச்சு வாங்கியது அங்கேதான், ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போய் அந்த மெத்தையில் படுக்க வைத்த இரண்டாம் நாள். அப்போது நான் காற்று மாறியதால் வந்த சளி என்றுதான் நினைத்தேன். பூட்டிய வீட்டுத் தூசியில் இருப்பது தூசிப் பூச்சியும் பூஞ்சையும் பறவை எச்சமும். தூசியிலும் இரண்டு சாதி இருக்கிறது. மாடும் பிள்ளையும் நடமாடும் இடத்துத் தூசி ஒன்று, ஆளில்லாத இடத்துத் தூசி இன்னொன்று. ஆய்வுகள் புகழ்வது முதலாவதை. எங்கள் பெரிய வீட்டில் மிஞ்சியிருப்பது இரண்டாவது.

கிராமத்துக் காற்று சுத்தம் என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை சீமைக்கருவேலம். அதன் மகரந்தம் இந்தியாவில் ஒவ்வாமை தரும் மகரந்தங்களில் ஒன்றாக அறியப்பட்டது. அதை வெட்டிக் கரிமூட்டம் போடும் நாளில் புகை ஊருக்குள் வந்து நிற்கும். நெல் அவிக்கும் ஆலை ஓரம் என்றால் உமிச் சாம்பல். டாக்டரும் தூரம். ராத்திரி இரண்டு மணிக்குக் கைப்பிள்ளை மூச்சுக்குத் திணறினால் 108 வந்து சேர்ந்து காரைக்குடிக்குப் போவதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை.

அப்பத்தாவின் "எந்தப் புள்ளைக்கு இழுப்பு வந்துச்சு" என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டபோது, தவறிப்போன இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். ஒன்று நாலாம் மாதம். "கணை கண்டு போச்சு. விலா ரெண்டும் உள்ள இழுத்துச்சு." அது நிமோனியாவாக இருந்திருக்கலாம், வேறு எதுவாகவும் இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் ஒவ்வாமை குறைவு என்பதை நம்புகிறேன். பிள்ளைகள் மூச்சுக்காகப் பாடுபடவே இல்லை என்பதை நம்பவில்லை.

வேளச்சேரி

சென்னையைப் பற்றிப் பேசும்போது முதலில் வரும் பயம் வாகனப் புகை. பயம் சரிதான். நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற வாயு, முக்கியமாக வாகனங்களிலிருந்து வருவது, உலகம் முழுவதும் வருஷத்துக்குச் சுமார் 40 லட்சம் குழந்தைகளுக்குப் புதிதாக ஆஸ்துமா வரக் காரணமாகிறது என்று 2019-இல் ஒரு கணக்கீடு வந்தது. எங்கள் ஃபிளாட் பிரதான சாலையிலிருந்து இரண்டாவது கட்டடம். பால்கனிக் கம்பியைக் காலையில் துடைத்தால் சாயங்காலம் விரலில் கரி ஒட்டும்.

இன்னொன்று ஈரம். கடலோர ஊர், மழைக்காலத்தில் படுக்கையறைச் சுவர் ஓரம் கறுப்பாகப் பூஞ்சை பூக்கும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் குழந்தைகளுக்கு இரைப்பு அதிகம் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். ஏ.சி.க்காக எந்நேரமும் சன்னல் மூடியிருப்பதால் ஈரமும் தூசிப் பூச்சியும் உள்ளேயே தங்கிவிடுகின்றன.

காப்பகத்தைப் பற்றி நான் நினைத்தது தவறாக இருந்தது. மூத்தவனை ஆறாம் மாதம் அங்கே விட்டதால்தான் எல்லாம் வந்தது என்று பல வருஷம் என்னையே நொந்துகொண்டேன். அமெரிக்காவில் டூசான் என்ற ஊரில் 1980-இல் தொடங்கி, பிறந்த குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார்கள். 2000-இல் அதிலிருந்து வந்த முடிவு: அண்ணன் அக்கா உள்ள குழந்தைகளுக்கும், முதல் ஆறு மாதத்துக்குள் காப்பகத்துக்குப் போனவர்களுக்கும் இரண்டு வயதில் இரைப்பு அதிகம், ஆறு வயதிலிருந்து பார்த்தால் குறைவு. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. முதல் மூன்று வயதில் இரைத்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு வயதில் இரைப்பே இல்லை. கைப்பிள்ளைக்கு ஒரு முறை மூச்சு இரைத்தவுடன் ஆஸ்துமா என்று பெயர் வைத்துக் கலங்க வேண்டியதில்லை. காப்பகத்தின் மேல் எனக்கிருந்த கோபம் இதைப் படித்ததும் போய்விட்டது. பாதி என் மேல் இருந்த கோபம்தான் அது.

சென்னையின் பெரிய பலம் என் கணவர். பிள்ளையை ராத்திரி தோளில் போட்டு நடப்பவர் அவர்தான். எந்த ஆய்விலும் இதற்கு எண் இல்லை என்பதால் குறைத்து எடைபோட நான் விரும்பவில்லை. நல்ல குழந்தை மருத்துவர்களும் நுரையீரல் மருத்துவர்களும் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை, முந்திரி ஒவ்வாமை. இங்கே பிறந்து அங்கே போன பிள்ளைகளுக்கு அவ்வளவு இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் பள்ளிகளில் பார்த்ததும் இதேதான். ஆசியப் பெற்றோருக்கு ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த குழந்தைகளைவிட, ஆசியாவில் பிறந்து குடியேறிய குழந்தைகளுக்கு இந்த ஒவ்வாமை குறைவு. அதே ரத்தம், பிறந்த இடம் வேறு. சென்னையும் காரைக்குடியும் அவ்வளவு தூரம் வேறுபட்டவை அல்ல. ஆனாலும் ஆரம்ப நாள்களின் இடம் வெறும் விலாசம் இல்லை என்பதற்கு இது எனக்கு நல்ல சாட்சி.

செக்காலை வீடு

இது 1990-களில் கட்டிய சாதாரண மாடி வீடு. வளவு கிடையாது. ஆனால் முன்னும் பின்னும் கொஞ்சம் மண், ஒரு வேப்ப மரம், மொட்டை மாடியில் மெத்தை காய வைக்க நல்ல வெயில். எந்நேரமும் ஆள் புழங்கும் வீடு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வருவார்கள். தெரு முனையில் ஓர் அக்கா இன்னும் நான்கு மாடு வைத்துக் கறக்கிறார். குழந்தை மருத்துவர் ஆட்டோவில் பத்து நிமிஷம்.

ஃபின்லாந்தில் 2019-இல் வந்த ஓர் ஆய்வு எனக்குத் தைரியம் கொடுத்தது. பண்ணை இல்லாத வீடாக இருந்தாலும், தரைத் தூசியில் இருக்கும் நுண்ணுயிரிகள் பண்ணை வீட்டுத் தூசியை ஒத்திருந்தால் அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைவு. வெளி மண் காலோடு வீட்டுக்குள் வருவதும் அதில் ஒரு பங்கு. மாட்டுக் கொட்டிலை நான் கட்ட முடியாது. ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தினமும் தெரு முனை வரை போகலாம். அந்த அக்கா கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டும்போது பக்கத்தில் நிற்கலாம். பாலை மட்டும் காய்ச்சித்தான் குடிப்போம். பச்சைப் பால் நல்லது என்று பண்ணை ஆய்வுகளை வைத்துச் சிலர் சொல்கிறார்கள். அதில் மாட்டிலிருந்து தொற்றும் புருசெல்லோசிஸ் காய்ச்சல், காசநோய் போன்றவை வரும் ஆபத்து உண்டு. கைப்பிள்ளைக்கு ஒரு வயது வரை தாய்ப்பாலுக்குப் பதிலாக மாட்டுப் பாலே கூடாது.

தாய்வீட்டிலிருந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அனுப்பும் நம் வழக்கமும் இங்கே பேச வேண்டியது. கனடாவில் 2015-இல் 319 குழந்தைகளின் மலத்தைப் பரிசோதித்தார்கள். ஆஸ்துமா வரும் அபாயம் அதிகமாக இருந்த குழந்தைகளிடம், மூன்றாம் மாதத்தில் நான்கு வகைப் பாக்டீரியாக்கள் குறைவாக இருந்தன. ஒரு வயதில் பார்த்தபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதாவது குடலில் நுண்ணுயிரிகள் குடியேறும் அந்த முதல் நூறு நாள் தனி முக்கியத்துவம் உள்ளது. அந்த நூறு நாளும் தாயும் பிள்ளையும் ஓய்வாக, பாலூட்டலுக்கு உதவ ஆளோடு இருப்பது நம் வழக்கத்திலேயே இருக்கிறது. அதை ஒரு வருஷமாக நீட்டலாமா என்பதுதான் அம்மாவின் கேள்வி.

இந்த வீட்டுக்கும் குறை உண்டு. சமையலறை நடுவில் இருக்கிறது. அம்மா மசாலாவுக்கு வரமிளகாய் வறுத்தால் நெடி மாடி வரை ஏறும், மூத்தவன் இருமியே சோர்ந்துவிடுவான். கொசு அதிகம், அதனால் கொசுவர்த்தி. இன்னொன்று, கணவர் வெள்ளிக்கிழமை பல்லவன் ரயிலில் ஏறி வந்து மீண்டும் திரும்பிப் போக வேண்டும். ஒரு வருஷம் அப்படி என்றால் அது அவருக்கும் மூத்தவனுக்கும் சுமை.

எந்த வீடானாலும் கூடவே வருபவை

ஒப்பிட ஒப்பிட எனக்கு ஒன்று தெளிவானது. மூன்று வீடுகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே வீட்டுக்குள் நாம் செய்வதற்கும் செய்யாததற்கும் நடுவில் உள்ள வித்தியாசம் பெரியது.

முதலில் புகை. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளியே விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் அளந்து எழுதியிருக்கிறார்கள். மூத்தவன் தொட்டிலுக்குக் கீழேயே நாங்கள் அதை வைத்தோம். கொசு கடிக்கக் கூடாது என்ற பாசத்தில் செய்தது. இந்த முறை வலைதான். குளிப்பாட்டியதும் தலை காயச் சாம்பிராணி போடுவதும் அப்படித்தான். வாசனை எப்படி இருந்தாலும் பிள்ளையின் நுரையீரலுக்கு அது புகை. வீட்டில் யார் புகைத்தாலும், திண்ணையில் உட்கார்ந்து புகைத்தாலும், சட்டையோடு உள்ளே வருகிறது. கர்ப்பத்தின்போதே தாய்க்குச் சிகரெட் புகை பட்டால் குழந்தையின் நுரையீரல் வளர்ச்சி பாதிக்கிறது, பிறந்த பிறகு இரைப்பு கூடுகிறது. இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாவற்றிலும் உறுதியான சான்று உள்ளது இதற்குத்தான். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியா வருவது தென்னிந்தியாவிலேயே மருத்துவர்கள் பதிவு செய்த ஒன்று.

அடுத்தது சாப்பாடு. இதில் நான் முழுவதும் மாறிவிட்டேன். மூத்தவனுக்குக் கரப்பான் வந்ததும், "கரப்பான் பண்டம் கூடாது" என்று கத்திரிக்காய், கருவாடு, முட்டை, கடலை எல்லாம் ஒதுக்கினோம். அது ஏதோ நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2000-இல், ஒவ்வாமை அபாயம் உள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கடலை வேண்டாம் என்றது. 2008-இல் அதைக் கைவிட்டார்கள். பிரிட்டனில் உள்ள யூதக் குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை இஸ்ரேல் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு இருந்தது. இஸ்ரேலில் ஒரு வயதுக்கு முன்பே கடலைத் தின்பண்டம் கொடுக்கிறார்கள். இதை வைத்து கிடியன் லாக் என்ற மருத்துவரின் குழு, கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு நான்கிலிருந்து பதினோரு மாதத்துக்குள் கடலையைத் தொடங்கினார்கள். மறு பாதிக்குத் தரவே இல்லை. ஐந்து வயதில் ஒதுக்கியவர்களில் 17 சதவீதத்துக்குக் கடலை ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3 சதவீதம். 2015-இல் இது வெளியானது.

காரணமும் எளிதாகப் புரிகிறது. வெடித்த தோல் வழியாக உணவுத் துகள் உள்ளே போனால் உடல் அதை எதிரியாக நினைக்கிறது. வாய் வழியாகக் குடலுக்குப் போனால் உணவாக ஏற்றுக்கொள்கிறது. எங்கள் வீட்டில் கடலை காற்றிலும் கையிலும் பாயிலும் இருக்கும். பிள்ளையின் வாய்க்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொண்டோம். இந்தியாவில் உணவு ஒவ்வாமை மேற்கு நாடுகளைவிடக் குறைவு, கடலைதான் பெரிய எதிரி என்றும் இல்லை. ஆனாலும் பாடம் முட்டைக்கும் பொருந்தும் என்று டாக்டர் சொன்னார். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அப்புறம் பருப்பு, கேழ்வரகு, நன்றாக வேகவைத்த முட்டை, மீன், கடலையை விழுதாக்கிக் கஞ்சியில் கரைத்தது என்று ஒவ்வொன்றாக. முழுக் கடலை கூடவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பிள்ளைக்குக் கடுமையான கரப்பான் வந்தால் மட்டும் முட்டையும் கடலையும் தொடங்கும் முன் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான்.

தாய்ப்பாலைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒவ்வாமையை முழுவதும் தடுக்கும் என்று சொல்ல முடியாது, ஆய்வுகள் அதில் ஒன்றுபடவில்லை. ஆனால் முதல் வருஷச் சளியும் நிமோனியாவும் இரைப்பும் குறைவது உறுதி. எனக்கு அதுவே போதும்.

ஆன்டிபயாட்டிக் விஷயம் எனக்கு வலிக்கும் இடம். மூத்தவனுக்கு முதல் வருஷத்திலேயே ஐந்து முறை கொடுக்கப்பட்டது. பிறகு வேறொரு டாக்டர் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் வைரஸ் சளிதான், தேவைப்பட்டிருக்காது என்றார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2000 முதல் 2014 வரை கைக்குழந்தைகளுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதுவது குறையக் குறைய, ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகளில் புதிய ஆஸ்துமா 26 சதவீதம் குறைந்தது. இரைக்கும் பிள்ளைக்குத்தான் அதிகம் மருந்து எழுதுகிறார்கள் என்பதால், எது காரணம் எது விளைவு என்று பிரிப்பது எளிதில்லை. நிமோனியா என்றால் கொடுத்தே ஆக வேண்டும், அது உயிர் காக்கும். இந்த முறை நான் செய்யப்போவது, "இது வைரஸா, ரெண்டு நாள் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்பது மட்டும்.

பிரசவத்துக்கும் இதே மனசுதான். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன்; இந்திய சராசரி 21.5. சிசேரியனில் பிறந்த குழந்தைகளுக்கு ஆஸ்துமா வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மூத்தவன் சிசேரியன். இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தேவை வந்தால் சிசேரியனுக்குத் தயங்க மாட்டேன்.

இப்போதே செய்ய முடிந்த ஒன்று மீன். டென்மார்க்கில் 736 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குக் கடைசி மூன்று மாதம் மீன் எண்ணெய் கொடுத்தார்கள். தொடர் இரைப்பு அல்லது ஆஸ்துமா வந்த குழந்தைகள் 23.7 சதவீதத்திலிருந்து 16.9 ஆகக் குறைந்தது. ரத்தத்தில் மீன் எண்ணெயில் உள்ள கொழுப்பு குறைவாக இருந்த தாய்மாருக்குத்தான் பலன் அதிகம். அந்த ஆய்வில் கொடுத்த அளவு பெரிது, மாத்திரையை நானாகத் தொடங்கவில்லை. தொண்டிப் பக்கத்திலிருந்து மத்தி வரும் நாளில் வாங்கிக் குழம்பு வைத்துவிடுகிறோம்.

என் முடிவு

முதல் பிறந்த நாள் வரை செக்காலை. ஆள் புழங்கும் வீடு, மண், அக்கம்பக்கப் பிள்ளைகள், நடந்து போகும் தூரத்தில் மாடு, பத்து நிமிஷத்தில் டாக்டர், பாலூட்ட உதவிக்கு அம்மா. பெரிய வீடு தரும் என்று நாங்கள் நினைத்ததில் உயிரோடு மிஞ்சியிருப்பது இங்கேதான் அதிகம். மூத்தவனை இந்த ஒரு வருஷம் இங்கேயே பள்ளியில் சேர்க்கிறோம். தம்பிக்கோ தங்கைக்கோ பள்ளியிலிருந்து சளி கொண்டுவருவான். அதைப் பார்த்து நான் பயப்படப் போவதில்லை. அவனுடைய இன்ஹேலரும் அதில் மாட்டும் ஸ்பேசர் குழாயும் கூடவே வரும். இன்ஹேலர் பழகிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவதைக் கேட்டு ஒரு வருஷம் நிறுத்தி வைத்து அவனைப் பாடுபடுத்தினோம், அந்தத் தப்பு இனி இல்லை. தடுப்பூசி எல்லாம் அட்டவணைப்படி.

கணவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மாதத்தில் ஒரு வாரம் இங்கிருந்தே வேலை செய்ய அலுவலகத்தில் கேட்டிருக்கிறார். அது கிடைக்காவிட்டால் ஆறாம் மாதமே சென்னைக்குப் போவது என்று பேசி வைத்திருக்கிறோம். அப்படிப் போனால் ஃபிளாட்டை மாற்றிவிட்டுத்தான்: சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வெயில் வரும் அறை உள்ளதாக. அந்த அளவுக்கு வாடகை கூடினால் கூடட்டும்.

பெரிய வீட்டுக்கும் போவோம். ஆனால் திறந்து, கழுவி, மூன்று நாள் கதவு சன்னல் எல்லாம் விரித்துப் போட்டு, வௌவால் புழுக்கையை நீர் தெளித்து அள்ளிய பிறகு. பெட்டி மெத்தை வேண்டாம், இங்கிருந்து பாயும் போர்வையும் கொண்டுபோவோம்.

மிச்சம் இருந்தது அப்பத்தாவிடம் சாம்பிராணியைப் பற்றிச் சொல்வது. நேற்று சாயங்காலம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "தலை ஈரமா இருந்தா நெஞ்சுல சளி கட்டுமேத்தா, அதுக்கு என்ன செய்ய?" என்று கேட்டார். மெல்லிய துணியால் உடனே துவட்டிவிடலாம் அப்பத்தா என்றேன். உள்ளே போய், ஐயாவின் பழைய மல் வேட்டி இரண்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். இன்று காலை அவற்றை வெந்நீரில் அலசி மொட்டை மாடியில் காயப் போட்டிருக்கிறேன்.